'நாத்தன்' என்ற எபிரேய வினை: கொடு, வை, விடு, ஆக்கு எல்லாம் ஒரே சொல்லா?

சிப்புட் கிராணியம்மா (சுங்கை சிப்புட், பேராக்)

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் அரபு, ஜப்பானியம், சமஸ்கிருதம் எல்லாம் பேசுகிறீர்கள். எபிரேயத்துக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கும் என்று நம்பிக் கேட்கிறேன்.

நான் ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் எடைக் கிராணி. குலை ஏற்றிய லாரி வரும், எடை போடுவேன். இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும், மறுபடியும் எடை போட்டுச் சீட்டைக் கொடுப்பேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ரத்தான எடைச்சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் ஆலெப், பேத், கீமெல் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆலைக்குப் புதிதாக வந்த மலாய்க்கார அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஜாவியா?" என்று கேட்டார், அரபு எழுத்தில் எழுதும் மலாயா என்று. "ஜாவிக்குப் பெரியப்பா பிள்ளை" என்றேன். அவருக்கும் வலமிருந்து இடமாக எழுதிப் பழக்கம் இருப்பதால் எழுத்துகளை ஆசையாகவே பார்த்தார்.

ஏன் எபிரேயம் என்றால், எங்கள் தோட்டத்து ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிப்பது நான். வாய்விட்டு வாசிக்கிறவளுக்கு, மூலத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்ற அரிப்பு வராமல் இருக்காது. ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் தன்னுடைய பழைய இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்தார். முதல் சில பக்கங்களைக் கரையான் எனக்கு முன்னாலேயே படித்து முடித்துவிட்டது. மிச்சத்தை நான் படிக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 'நாத்தன்' என்றால் கொடுத்தான். புத்தகத்துச் சொற்பட்டியலில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் ஆதியாகமத்தை எபிரேயத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நம் தமிழ் வேதாகமத்தையும் வைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. 1:17-இல் தேவன் சூரிய சந்திரர்களை ஆகாயவிரிவிலே 'வைத்தார்' என்கிறது தமிழ். எபிரேயத்தில் அங்கே நாத்தன். 17:5-இல் ஆபிரகாமைத் தகப்பனாக 'ஏற்படுத்தினேன்' என்ற இடத்திலும் நாத்தன். 41:41-இல் பார்வோன் யோசேப்பை அதிகாரியாக்குகிறான், மறுபடியும் நாத்தன். 20:6-இல் அபிமெலேக்கிடம் தேவன், நீ அவளைத் தொட நான் விடவில்லை என்ற பொருளில் சொல்கிறார். அங்கேயும் இதே நாத்தன்தான். இத்தனை வேலையையும் ஒரே வினை எப்படிச் செய்கிறது? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது கேள்வி. நூன், தாவ், நூன் என்று மூன்று எழுத்து வேர் என்கிறார்கள். ஆனால் 'நான் கொடுத்தேன்' என்பது நாத்தத்தி. கடைசி நூன் எங்கே போனது? 'அவன் கொடுப்பான்' என்பது யித்தேன். முதல் நூனும் போய்விட்டது. அதுவும் இந்த யித்தேன் என்னைப் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. எழுதினேன், படித்தேன் என்று பழகின காதுக்கு, 'தேன்' என்று முடிந்தால் 'நான்' என்றுதான் கேட்கிறது. இங்கே அவன், அதுவும் எதிர்காலம்!

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் பாடங்களின் சுட்டி மட்டும் வேண்டாம், அவை கைப்பேசியில் நிறையவே இருக்கின்றன.

---

பழைய வாத்தியார் (தெலுக் இந்தான்)

அம்மா, வணக்கம். இந்த மொழியை நான் பல வருடம் சொல்லிக்கொடுத்தவன். நூனை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

எபிரேயத்தில் நூன் உயிர் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் அடுத்து வரும் மெய்யோடு கரைந்துவிடும், அந்த மெய் இரட்டிக்கும். யின்தேன் என்று வரவேண்டியது யித்தேன் ஆனது அப்படித்தான். எழுத்துக்குள் ஒரு புள்ளி இருக்கும் பாருங்கள், தாகேஷ் என்பார்கள்; இரட்டித்ததற்கு அதுதான் அடையாளம். 'விழுந்தான்' என்ற நாபல் 'விழுவான்' என்னும்போது யிப்போல் ஆவதும் இதே விதி. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம். நம் ஊர் ன், ண் இரண்டுக்கும் இதே சுபாவம் உண்டு.

கடைசி நூன் போவதுதான் விசேஷம். மற்ற வினைகளில் கடைசி நூன் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. சங்கீதம் 37:25-இல் 'முதிர்வயதுள்ளவனுமானேன்' என்பதற்கு ஸாக்கன்தி என்று இருக்கும், நூன் அப்படியே நிற்கிறது. நாத்தனில் மட்டும் நாத்தன்தி என்று சொல்லாமல் நாத்தத்தி என்கிறார்கள். அன்றாடம் வாயில் புரளுகிற சொல் தேய்ந்துதான் போகும். எபிரேய வேதாகமத்தில் இந்த வினை சுமார் 2000 முறை வருகிறது, தேயாமல் என்ன செய்யும்?

ஆகவே இந்த வினையைத் தேடும்போது நூனைத் தேடாதீர்கள், தாவ் எழுத்தைத் தேடுங்கள். ஏவலில் முதல் நூன் உதிர்ந்து தேன் என்று நிற்கும். 'கொடு' என்று அர்த்தம். 'கொடுப்பதற்கு' என்பது லாத்தேத். அதில் இரண்டு நூனும் இல்லை. எத்தேன் என்றால் நான் கொடுப்பேன், ஆதியாகமம் 12:7-இல் ஆபிராமுக்குத் தேசத்தை வாக்குக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. யித்தேன் உங்களைக் குழப்பினால் முன்னால் நிற்கிற எழுத்தைப் பாருங்கள். எபிரேயத்தில் எதிர்கால வினைக்கு ஆள் யார் என்பதை முன்னெழுத்துதான் முக்கியமாகச் சொல்லும். தமிழில் அந்த வேலையைப் பின்னால் வரும் விகுதி செய்கிறது. யோத் இருந்தால் அவன், ஆலெப் இருந்தால் நான்.

பொருளைப் பற்றி நாளை எழுதுகிறேன், கண் மருந்து போடும் நேரமாகிவிட்டது.

---

சிப்புட் கிராணியம்மா

ஐயா, மிக்க நன்றி. 'தாவ் எழுத்தைத் தேடு' என்பதைச் சீட்டின் பின்னால் பெரிதாக எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். தேன் என்றால் கொடு என்பதை மறக்கவே முடியாது.

நீங்கள் பொருளைப் பற்றி எழுதும்வரை எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். இன்று காலை வாசலில் இந்தோனேசியத் தம்பி ஒருவர் லாரிக்காரரைப் பார்த்து, "காசி மாசுக், காசி மாசுக்" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே விடு என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து அதே தம்பி "காசி துருன்" என்றார், குலையை இறக்கு என்று. இன்னொருவர் "காசி லெபாஸ்" என்றார், போக விடு என்று. கைப்பேசியை நீட்டி "காசி சாயா" என்றால் எனக்குக் கொடு. கொடு, விடு, செய்ய வை எல்லாவற்றுக்கும் ஒரே 'காசி'. நம் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது இலக்கணம் என்றே தோன்றாது. வடக்கே போனால் 'பாகி' என்பார்கள், அதுவும் இதே வேலைதான் செய்கிறது.

அப்படியானால் நாத்தன் என்பது எபிரேயத்துக் 'காசி' என்று வைத்துக்கொள்ளலாமா? அபிமெலேக்கு வசனத்தை 'காசி' போட்டு மலாயில் சொல்லிப் பார்த்தேன், கச்சிதமாக உட்காருகிறது. தமிழில் 'கொடு' போட்டால்தான் இடிக்கிறது.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இது கங்கைக்கரைக் காசி இல்லை.)

---

கூலிம் டீச்சர் (கெடா)

அக்கா, தமிழில் இடிக்கிறது என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லாதீர்கள். எனக்கு எபிரேயம் தெரியாது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் வேதாகமத்தை எடுத்து 20:6-ஐப் பார்த்தேன். 'இடங்கொடுக்கவில்லை' என்றுதான் இருக்கிறது. 31:7-இலும், லாபான் யாக்கோபுக்குத் தீங்கு செய்ய தேவன் 'இடங்கொடுக்கவில்லை' என்று வருகிறது. கொடு அங்கே இருக்கத்தான் செய்கிறது, 'இடம்' என்ற துணையோடு. 'அவனுக்கு ரொம்ப இடம் கொடுக்காதே' என்று நாம் வீட்டில் சொல்வதில்லையா?

நான் எழுத வந்தது வேறு. கொடுப்பதற்குத் தமிழில் ஒரு வினை இல்லை, மூன்று இருக்கின்றன: ஈ, தா, கொடு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கேட்பவன் தாழ்ந்தவனாக இருந்தால் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான் என்று விதி இருக்கிறது. 'தா என் கிளவி ஒப்போன் கூற்றே' என்பது சூத்திரம். இன்னொரு விதி அதைவிடச் சுவையானது. எனக்கோ உனக்கோ வந்தால் 'தா', மூன்றாம் ஆளுக்குப் போனால் 'கொடு'. வா, செல் இரண்டுக்கும் உள்ள அதே வேறுபாடு. 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு.' தமிழில் நாம் இதைக் கலந்துகட்டிப் பேசுகிறோம். மலையாளத்தில் இன்னமும் பிரித்துப் பேசுகிறார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் மலையாளிக் கிராணிமார்கள் நிறைய இருந்தார்கள், உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் அக்கா.

எபிரேயத்தில் அப்படிப் பிரிவு உண்டா? வாத்தியார் ஐயா சொல்லட்டும்.

---

குலை லாரி (தாப்பா)

படிக்கத் தலை சுற்றுகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒரு சின்ன சந்தேகம். இப்போது இஸ்ரேலில் பேசுகிற மொழியும் இதுதானா? நம் கடப்பிதழில் அந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்கெல்லாம் செல்லும் என்றுதான் அச்சடித்திருக்கிறது, நேரில் போய்க் கேட்க வழியில்லை.

இன்னொன்று. என் பெயர் 'நாதன்' என்று முடியும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பார்த்தால் வேதாகமத்து நாத்தானும் நானும் ஒன்றுதான். வேலை இடத்தில் ஒரு வெள்ளைக்காரர், நீ கிறிஸ்தவனா என்று கேட்டுவிட்டார். நான் பிள்ளையார் கோயில் கமிட்டியில் இருக்கிறேன்! இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

---

பழைய வாத்தியார்

ஒவ்வொருவராக வருகிறேன்.

கிராணியம்மா, உங்கள் 'காசி' நல்ல கருவி. நான் பாடம் நடத்திய காலத்தில் இது தோன்றியிருந்தால் மாணவர்களுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஆனால் பாதி தூரம்தான் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். 'காசி சாயா', 'காசி லெபாஸ்' இரண்டுக்கும் நாத்தன் சரி. 'காசி துருன்' என்று இறக்கச் சொல்வதற்கு நாத்தன் ஆகாது. எபிரேயத்துக்குப் பிறவினை செய்ய உள்ளுக்குள்ளேயே வழி இருக்கிறது. இறங்கினான் என்பது யாரத், இறக்கினான் என்பது ஹோரித். வந்தான் பா, கொண்டுவந்தான் ஹேவி. நம்முடைய இறங்கு-இறக்கு, திருந்து-திருத்து மாதிரி வினையே உருமாறிவிடும். 'காசி பெர்சே' என்று சுத்தம் செய்யச் சொல்வதற்கும் தனி வடிவம் உண்டு. ஆகவே 'செய்ய வை' என்ற பொருளுக்கு நாத்தனைத் தேடிப் போகாதீர்கள்.

அப்படியென்றால் 17:5-இல் 'ஏற்படுத்தினேன்' எப்படி வந்தது என்பீர்கள். அது ஒருவரை ஒரு நிலையில் கொண்டுபோய் அமர்த்துவது. ஆபிரகாமைத் தகப்பன் என்ற நிலையில், யோசேப்பை எகிப்துக்கு மேல். 1:17-இல் சூரியனை ஆகாயத்தில் வைப்பதும் அதே வகை, இடம் மட்டும்தான் வேறு. என்னிடமிருந்து ஒன்று புறப்பட்டு இன்னோர் இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதுதான் இந்த வினையின் அடிப்படை. சேருகிற இடம் ஆளாக இருந்தால் தமிழில் கொடு, தா. வெறும் இடமாக இருந்தால் வை. பதவியாக இருந்தால் ஏற்படுத்து, ஆக்கு.

கண்டுபிடிக்க வழி கேட்டீர்கள். வினைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'லெ' என்ற முன்னொட்டோடு ஆள் வந்தால் பெரும்பாலும் கொடுத்தல். 'பெ', 'அல்' என்று இடம் காட்டும் சொற்கள் வந்தால் வைத்தல், அமர்த்தல். ஓர் ஆளும் அவனை அடுத்து 'லெ' சேர்ந்த ஒரு வினையெச்சமும் வந்தால் விடுதல். 20:6-இல் லோ நெத்தத்திக்கா லிங்கோவா என்று இருக்கும். அதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், தொடுவதற்கு உன்னை நான் கொடுக்கவில்லை. 'உனக்கு' என்று வரவில்லை, 'உன்னை' என்று வருகிறது. டீச்சர் காட்டிய 31:7-இலும் அப்படித்தான், அவனைக் கொடுக்கவில்லை. தமிழ் மொழிபெயர்த்தவர்கள் அதை 'உனக்கு இடங்கொடுக்கவில்லை' என்று நான்காம் வேற்றுமைக்குத் திருப்பி, கொடு என்ற சொல்லையும் காப்பாற்றியிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். சங்கீதம் 16:10-இல் அதே பொருளுக்கு 'அழிவைக் காணவொட்டீர்' என்று வேறு வழியில் போயிருக்கிறார்கள்.

'பெ' என்று சொன்னேன், அதற்கு ஒரு விதிவிலக்கு நினைவில் இருக்கட்டும். 'கையில்' என்று வந்தால் அது ஒப்புக்கொடுத்தல். நியாயாதிபதிகள் புத்தகத்தில் சத்துருக்கள் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று திரும்பத் திரும்ப வாசித்திருப்பீர்களே, அத்தனையும் நாத்தன். குரலோடு வந்தால் முழங்குதல், சங்கீதம் 46:6 பாருங்கள். இதற்குத் தமிழில் யோசிக்கவே வேண்டாம், குரல் கொடுத்தான் என்று நாமே சொல்கிறோம். மரத்தோடு வந்தால் காய்த்தல். முதல் சங்கீதத்தில் தன் காலத்தில் கனியைத் 'தந்து' என்று தமிழ் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது.

டீச்சர், எபிரேயத்தில் உங்கள் தா-கொடு பிரிவு கிடையாது. யார் கேட்டாலும், யாருக்குப் போனாலும் நாத்தன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஆதியாகமம் 3:12 ஞாபகம் வந்தது. ஆதாம் மாட்டிக்கொண்டு பதில் சொல்கிற இடம். எபிரேயத்தில் ஒரே வாக்கியத்தில் இந்த வினை இரண்டு முறை வருகிறது, முதலில் நாத்தத்தா, நீர் தந்தீர். அப்புறம் நாத்தெனா, அவள் கொடுத்தாள். பழியை முதலில் தேவன்மேல் போட்டு, அடுத்து மனைவிமேல் போடுகிறான், இரண்டு பேருக்கும் ஒரே வினை. தமிழில் 'தேவரீர் தந்த ஸ்திரீயானவள்' என்று ஒன்றும் 'எனக்குக் கொடுத்தாள்' என்று ஒன்றுமாகப் பிரித்திருக்கிறார்கள். தொல்காப்பியப்படி இரண்டும் தன்மைக்கு வந்தவை, இரண்டுமே 'தா' ஆகியிருக்க வேண்டும், இல்லையா?

லாரித் தம்பி, உங்கள் நாதன் சமஸ்கிருதத்து நாத, தலைவன். கோயில் கமிட்டிக்குப் பொருத்தமான பெயர்தான். அந்த நாத்தான் எபிரேயத்துக் 'கொடுத்தான்'. எழுத்தில் ஒன்றாகத் தெரிவதோடு சரி, உறவு இல்லை. யோனத்தான், நாத்தான்வேல் எல்லாம் 'கர்த்தர் கொடுத்தார், தேவன் கொடுத்தார்' என்ற பெயர்கள். மத்தேயுவும் இதே வேரிலிருந்து வந்த கொடை. எஸ்றா 2:43-இல் ஆலய வேலைக்காரர்களை நிதனீமியர் என்கிறார்களே, கொடுக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம்.

இன்றைக்குப் பேசுகிற எபிரேயத்திலும் இந்த வினை உயிரோடு இருக்கிறது. இரட்டிப்பை உச்சரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆணிடம் கேட்டால் தென் லீ, பெண்ணிடம் கேட்டால் த்னீ லீ, 'எனக்குக் கொடு'. என்னைப் பேசவிடு என்பதற்கும் தென் லீ லெதபேர் என்கிறார்கள். கிராணியம்மாவின் 'காசி' அங்கேயும் ஓடுகிறது.

---

கூலிம் டீச்சர்

ஆமாம் ஐயா, விதிப்படி இரண்டும் 'தா'தான். ஆனால் எனக்கு அந்தப் பிரிவு பிடித்திருக்கிறது. தேவன் செய்ததற்குத் 'தந்த', அவள் செய்ததற்குக் 'கொடுத்தாள்'. ஆதாம் குரலில் வாசித்துப் பார்த்தால் இரண்டாவதில் ஒரு விலக்கம் தெரிகிறது. மொழிபெயர்த்தவர்கள் யோசித்துச் செய்தார்களா, கைபோன போக்கில் வந்ததா, யாருக்குத் தெரியும்.

---

சிப்புட் கிராணியம்மா

வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் நிற்பதைப் பார் என்ற விதி நன்றாக வேலை செய்கிறது. 41:41-ஐ எடுத்தேன், 'அல்' நிற்கிறது, அமர்த்தல். சரியாக வந்தது. காசியைப் பாதியில் இறக்கிவிட்டதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் இறங்கு-இறக்கு காட்டினீர்களே, அது அதைவிடப் பெரிய லாபம்.

யாத்திராகமம் 30:12-ஐப் பார்த்தீர்களா யாராவது? 'அவர்கள் கொடுக்கவேண்டும்' என்ற சொல் வாவ், நூன், தாவ், நூன், வாவ். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான், நம் விகடகவி மாதிரி. இந்தச் சொல்லில் இரண்டு நூனும் காணாமல் போகாமல் ஒழுங்காக நிற்கின்றன.

இப்போது புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிற வாரம் வாசிக்க வேண்டியது சங்கீதம் 55. 'ஆ, எனக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால்' என்ற 6-ஆம் வசனம் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடம். எபிரேயத்தில் தேடினால் முதலில் 6-ஆம் வசனத்தில் புறாவே இல்லை, அடுத்த வசனத்தில் இருக்கிறது. அங்கே மீ யித்தேன் லீ என்று நம் வினை நிற்கிறது. 'எனக்கு யார் கொடுப்பார்?' ஆனால் தமிழில் கேள்வியும் இல்லை, கொடுப்பதும் இல்லை, வெறும் 'ஆ'. இது எந்த விதியில் சேரும்?

அப்புறம், ராகேல் யாக்கோபிடம் எனக்குப் பிள்ளைகொடும் என்று கேட்கிற இடத்தில் (ஆதியாகமம் 30:1) தேன் இல்லை, த்னீயும் இல்லை. ஹாவா என்று இருக்கிறது. இது யார்?

---

பழைய வாத்தியார்

வசனக் கணக்கு முதலில். சங்கீதத்துக்கு மேலே 'இராகத்தலைவனுக்கு' என்று தலைப்பு இருக்கிறதே, எபிரேயத்தில் பல சங்கீதங்களில் அதையே முதல் வசனமாக எண்ணிவிடுவார்கள். அதனால் எண் ஒன்று கூடும். சங்கீதம் படிக்கிறவரை இதை நினைவில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் தினமும் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

மீ யித்தேன் எந்த விதியிலும் சேராது, அது முழுசாக ஒரு தொடர். 'யார் கொடுப்பார்' என்று கேட்பது பதிலுக்காக இல்லை. கிடைக்காததை ஆசைப்படுகிறவன் பேச்சு அது. ஆகவே கொடு என்று மொழிபெயர்த்தால் கெட்டுவிடும், நம்மவர்கள் 'ஆ' என்று போட்டது சரி. எரேமியா 9:1-இல் என் தலை தண்ணீரானால் 'நலமாயிருக்கும்' என்பதும் மீ யித்தேன்தான். எபிரேயத்தில் அது 8:23. யாத்திராகமம் 16:3-இல் வனாந்தரத்தில் முறுமுறுக்கிறவர்கள், எகிப்திலேயே செத்துப்போனோமானால் 'தாவிளை', அதாவது நலம், என்கிறார்களே, அதுவும் இதே தொடர். தாவிளை என்ற சொல்லை இப்போது எந்த இளைஞனிடம் கேட்டாலும் விழிப்பான், எனக்கு அந்தச் சொல்மேல் தனி ஆசை. யோபு புத்தகத்தில் இந்தத் தொடர் அடிக்கடி வரும், 19:23-இலிருந்து ஆரம்பியுங்கள். ஆலயத்தில் வாசிக்கும்போது அந்த 'ஆ'வை இழுத்து வாசியுங்கள் அம்மா. எங்கள் பக்கத்தில் அதை அவசரமாக விழுங்கிவிட்டுச் சிறகுக்குப் போய்விடுகிறார்கள்.

ஹாவா வேறு வேர், யோத், ஹே, பேத். பொருள் அதே கொடு. எபிரேயத்தில் ஏவல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அரபியில் இதன் உறவு வஹப. உங்கள் ஆலையில் வஹாப் என்று யாராவது இருந்தால் அவர் பெயரும் கொடையிலிருந்து வந்ததுதான். ராகேல் மட்டுமல்ல, 29:21-இல் யாக்கோபும் லாபானிடம் என் மனைவியைக் கொடு என்று ஹாவா போட்டுத்தான் கேட்கிறான்.

பல இடங்களில் இந்த ஹாவாவில் கொடுக்கிற அர்த்தமே இருக்காது. 'சரி வா, செய்யலாம்' என்று கிளப்புகிற சொல்லாக நிற்கும். பாபேல் கோபுரக் கதையில் 11:3, 11:4 இரண்டிலும் ஜனங்கள் அதைச் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். 11:7-இல் அதே ஹாவாவைக் கர்த்தரும் சொல்கிறார். மூன்றையும் எபிரேயத்தில் வரிசையாக வாசித்துப் பாருங்கள், கதை சொன்னவனின் குறும்பு தெரியும்.